‘நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா’

ரியாஸ் கண்ணு,

இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வரிசையாகப் படி. நடுவில் ஓட்டிவிடாதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ‘சரிம்மா, புரிஞ்சுதும்மா’ என்று நீ அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறாய். அதனால்தான் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு இது பதில். “ஹசீனாகிட்ட நீங்களே பேசுங்கம்மா. நிக்காஹ் முடிஞ்சு பெங்களூர்ல வீடு கிடைக்கிற வரைக்கும் அவ உங்களோடதானே இருக்கப் போறா? உங்க இடத்துல அவ உக்காரட்டும். நீங்க சொன்னா தட்ட மாட்டா. உங்களுக்கும் ரெஸ்ட்டு” என்றாய். ரெஸ்ட்டாம்! இன்னும் கழுத்தில் கருகமணி ஏறாத ஒரு பெண்ணை வீடியோ முன்னால் உட்காரவைக்க மாமியார் வாயால் சொல்லவைக்கலாம் என்று உனக்கு யாரப்பா சொல்லிக்கொடுத்தது? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்று நான் ஒளித்துவைக்கப் போவதும் இல்லை. என் குரலை ஊர் உலகமே கேட்கிறபோது என் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ குரோம்பேட்டைக் காலேஜில் கடைசி வருஷம். உன் அத்தா தாம்பரம் மார்க்கெட்டில் லைனிங் துணி, ஃபால்ஸ், ஊக்கு, பட்டன் கடை வைத்திருந்தார். நான் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டின் முன்னறையில் காலனிப் பெண்களுக்கு ப்ளவுஸ் வெட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ கூட்டாளியிடம் ஒரு கையடக்கக் கேமராவை வாங்கிவந்து, உனக்குத் தூளி கட்டிய அதே உத்தரத்துக் கொக்கியில் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டாய். முகம் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். கை மட்டும்தான். மேஜை, துணி, சாக்பீஸ், என் இரண்டு கை, அவ்வளவுதான் தெரியும். அத்தாவுக்கும் அதில் ஒரு உத்தியோகம் இருந்தது. ஃபேனை நிறுத்துவது, குக்கரை இறக்கிவைப்பது, ஜன்னலில் நின்றுகொண்டு தெருவில் வருகிற பழைய பேப்பர்காரரிடம் “அண்ணா, அஞ்சு நிமிஷம் கத்தாம போங்கண்ணா” என்று கும்பிடு போடுவது. துணித் தூசு அவருக்கு ஆகாது. கடையில் முழு நாளும் இருமுகிற மனுஷர், நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயில் கைக்குட்டையை வைத்து அடக்கிக்கொண்டு நிற்பார். நான் நிறுத்தியதும் கேமராவும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருமுவார். நீ “அத்தா!” என்று கத்துவாய். நாம் மூன்று பேரும் சிரிப்போம்.

முதல் வீடியோவுக்கு நாம் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தோம். எடுக்கிறதைவிட அதற்கப்புறம் செய்ய வேண்டியதுதான் பெரிய பாடாக இருந்தது. தேவையில்லாததை வெட்டணும், பேர் போடணும், பாட்டுச் சத்தம் சேர்க்கணும், சின்னதாக்கணும், இண்டர்நெட்டில் ஏற்றணும். ஏறிக்கொண்டே இருக்கும்போது கரண்ட் போகும். திரும்பவும் முதலிலிருந்து. நீ தலையில் அடித்துக்கொள்வாய். அப்புறம் ஒரு லீவு முழுக்க அறைக்குள் கிடந்து எதையெதையோ இணைத்தாய். வெளியே வந்தபோது உன் முகத்தில் பெருநாள் களை. “இனிமே எல்லாம் தானா நடக்கும்மா” என்றாய். உண்மையாகவே நடந்தது. நான் எடுத்ததை ‘அனுப்பு’ என்று பேர் வைத்த ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். சாஃப்ட்வேர் அதுவாகவே முன்னால் என் வரவேற்பை ஒட்டும், பேர் போடும், பாட்டைச் சேர்க்கும், வரிசையில் நிறுத்தும், செவ்வாயும் வெள்ளியும் ஒன்று ஒன்றாக வெளியே விடும். அந்த வரவேற்பு ஒரே ஒரு தடவை எடுத்தது. “வாங்கம்மா வாங்க. கத்திரிக்கோலைக் கீழ வைங்க. முதல்ல காதால கேளுங்க, அப்புறம் கையால வெட்டுங்க.” வகுப்புக்கு வருகிற பெண்களிடம் நான் தினமும் சொல்கிறதுதான். நல்ல சிரிப்போடு சொல்லியிருப்பேன். நான் என்னவெல்லாம் செய்யணும் என்று கேட்டதற்கு, “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா” என்றாய். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி பசித்துக்கொண்டே இருந்தது, தம்பி. வரிசையில் சரக்குக் குறைந்தால் திரையின் மூலையில் சிவப்பாக ஒன்று மின்னும். அதைப் பார்த்தால் எனக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரை அணைக்கக்கூடாது என்று ஸ்விட்ச் போர்டில் பேப்பர் ஒட்டிவைத்தாய். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியவில்லை. கரண்ட் போனால் அந்தப் பேட்டரிப் பெட்டி கீ கீ என்று அழும், யாராவது போய்த் தட்ட வேண்டும். வேலூரில் என் தங்கச்சி மகள் பேர் சூட்டு விழாவுக்கு அத்தா மட்டும் போய்வந்தார். “இவ வரலையா?” என்று கேட்டவர்களிடம், “அவ கம்ப்யூட்டருக்குப் பால் குடுத்துட்டு வருவா” என்று சொல்லியிருக்கிறார். கிண்டல்தான். ஆனால் சிரித்துவிட்டு, “ஒரு செவ்வாய்க்கிழமை விட்டுட்டா என்ன ஆகும் புள்ள?” என்று என்னிடம் தனியாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டேன். “விட்டா பின்னாடி தள்ளிடும்மா. ஆளுங்க வேற பக்கம் போயிடுவாங்க” என்றாய். யார் தள்ளுவார்கள், எங்கே தள்ளுவார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. ஆனாலும் பயந்தேன்.

பெங்களூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீ இன்னொரு வழி கண்டுபிடித்தாய். நான் உட்காராமலேயே பாடம் வர வேண்டும். அதற்காக ஒரு மதியம் முழுக்க என்னை உட்காரவைத்து, வகுப்பில் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகச் சொல்லவைத்தாய். “துணியை ரெண்டா மடிங்க.” கொஞ்சம் நிறுத்து. “அரை இஞ்ச் விட்டு வெட்டுங்க.” நிறுத்து. “ஒன்றரை இஞ்ச் விட்டு வெட்டுங்க.” நிறுத்து. “இப்ப திருப்பிப் போடுங்க.” கையால் வெட்டுகிறது, மடிக்கிறது, கோடு போடுகிறது எல்லாவற்றையும் அதே மாதிரி துண்டு துண்டாக எடுத்தாய். அத்தா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, “பல்லாவரம் இறங்கு, குரோம்பேட்டை இறங்கு, சானடோரியம் இறங்கு! உங்கம்மாவை பஸ் கண்டக்டர் ஆக்கிட்டியேடா” என்று சிரித்தார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்தத் துண்டுகளை நீ கோப்பாய், புதுப் பாடம் வரும், இங்கே இருக்கிற பெட்டி அதை வெளியே விடும். நான் சொல்லாத பாடத்தை என் குரல் சொல்லும். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பிள்ளை இவ்வளவு ஆசையாகச் செய்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அத்தா மவுத்தானார். கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நீ வந்தாய், தோள் கொடுத்தாய், லீவு முடிந்ததும் போனாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் பாவப்பட்டார்கள். எனக்கு அந்த அறை சிறையாகத் தெரியவில்லை, தம்பி. ஓதிக்கொண்டு, அவரை நினைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருக்க அல்லாஹ் கொடுத்த அனுமதி என்றுதான் நினைத்தேன். அப்படி இருக்க விட்டால்தானே! அவரை அடக்கம் செய்த வாரத்து வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு கோமதி டீச்சர் வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி ஒரு குரல் வருகிறது. “வாங்கம்மா வாங்க. கத்திரிக்கோலைக் கீழ வைங்க.” சிரித்துக்கொண்டு சொல்கிறது. என் குரல். டீச்சரின் மகள் தெரியாமல் போட்டுவிட்டாள், உடனே நிறுத்திவிட்டார்கள். டீச்சர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழவேண்டியவள் நான், நான் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தாவின் அக்கா, உன் ராயபுரத்து மாமி, சும்மா விடுவாரா? அவர் வீட்டிலும் யாரோ பார்த்துவிட்டார்கள். வந்தார், நடுக்கூடத்தில் நின்றார். “இன்னாம்மா இது? என் தம்பி மண்ணு கூட காயலை, நீ கை நெறைய வளையல மாட்டிகினு, மருதாணி வெச்சிகினு துணி வெட்டிகினு கீற? இத்தாவுல குந்திக்கினு இன்னா சிரிப்பு?” மைனி, அது பழசு, அவர் இருக்கும்போது எடுத்தது என்று சொன்னேன். “பழசுன்னா இன்னிக்கு எப்படி வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியவில்லை. வெறுங்கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், கண் கலங்கினார், ஆனால் ராயபுரத்தில் பார்த்த அத்தனை பேருக்கும் அந்தக் கையைக் காட்ட முடியுமா? அன்றைக்கே உனக்குப் போன் போட்டு நிறுத்துடா என்றேன். “வரிசையில முன்னாடியே போட்டு வெச்சதும்மா. இப்ப நிறுத்தினா இத்தனை நாள் பட்டதெல்லாம் வேஸ்ட். நீங்க எதையும் தொட வேணாம், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா” என்றாய். அந்த வார்த்தை அன்றைக்குத்தான் கசந்தது. புருஷன் செத்தவளுக்கு வாயை மூடிக்கொள்ளும் உரிமை கூட இல்லையா என்று போனை வைத்துவிட்டு அழுதேன்.

பிளக்கைப் பிடுங்கியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தது அந்தப் பெட்டி. பிடுங்கத்தான் போனேன். திரையில் என் வரவேற்பு நின்றுகொண்டிருந்தது. எதையோ அழுத்தினேன், ஓடியது. நான் பேசி முடித்த பிறகு, பாட்டு ஆரம்பிக்கிறதற்கு முன்னால், ஒரு கண் சிமிட்டும் நேரம், அத்தா இருமினார். அடக்கி அடக்கி வைத்திருந்து விடுகிற அந்த இருமல். என் கை பிளக்கிலேயே நின்றுவிட்டது. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, ஆனால் அவர் சத்தம் வேறு எங்கேயும் இல்லையே! ஏற்றி முடித்ததும் மூலப் படங்களைத் தானாக அழித்துவிடும்படி நீதானே செய்துவைத்திருந்தாய், டிஸ்கில் இடம் போதாது என்று. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நான் அணைக்கவும் முடியவில்லை, சகிக்கவும் முடியவில்லை. எந்த வரவேற்பு ஊருக்கெல்லாம் என்னை வெட்கம் கெட்டவள் ஆக்கியதோ அதையே தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘எமோஷனல் ஆகாதீங்கம்மா’ என்பாய்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது பெருங்களத்தூரிலிருந்து வசந்தா என்று ஒரு பெண் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் மஞ்சள் பை. அதற்குள் வெட்டிய பட்டு. அவள் மகளின் நிச்சயதார்த்தப் புடவையோடு சேர்ந்து நெய்து வந்த ப்ளவுஸ் துண்டு. அது போனால் போனதுதான், அதே நிறத்தில், அதே கரையில் இன்னொன்று உலகத்தில் கிடையாது. உன் அத்தா கடையில் கூட அந்தத் துண்டை யாராவது தப்பாக வெட்டிக்கொண்டு வந்தால் அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார். வசந்தா வீடியோவைப் பார்த்து வெட்டியிருக்கிறாள். பட்டு ப்ளவுஸ் பாடம். நான் அந்தப் பாடத்தை எடுக்கவே இல்லை, நீ கோத்தது. கைக்குழிக்கு அரை இஞ்ச் சரி. பக்கத் தையலுக்கு ஒன்றரை இஞ்ச் விட வேண்டும், பட்டு நூல் பிரியும், பின்னால் பிரித்துப் போடவும் இடம் வேண்டும். நீ அங்கேயும் அரை இஞ்ச் துண்டையே ஒட்டியிருக்கிறாய். பாவம், அவள் சொன்னபடி செய்திருக்கிறாள். போட்டால் மூச்சு விட முடியாது.

அவள் சண்டைக்கு வரவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. என் வெறுங்கையைப் பார்த்தாள், வெள்ளைப் புடவையைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். “நான் தெரியாம வந்துட்டேங்க்கா. போறேன்” என்று எழுந்தாள். நான் பிடித்து உட்காரவைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், “ஆனா அது உங்க குரல்தானேக்கா? நீங்கதானே அரை இஞ்ச்னு சொன்னீங்க?” நான் என்ன சொல்ல? ஆமாம், குரல் என்னுடையது, சொன்னது நான் இல்லை என்று சொன்னால் பைத்தியக்காரி என்பாள். ஆமாம் என்றுதான் சொன்னேன். முதல் வகுப்பு எடுத்த நாளிலிருந்து என் வாயால் ஒரு தப்பான அளவு வந்ததில்லை. ப்ளவுஸ் கையைக் குட்டையாக்கி, அதில் மிஞ்சிய பட்டை அக்குளில் ஒட்டுப் போட்டு, கையைத் தூக்காதவரைக்கும் தெரியாத மாதிரித் தைத்துக்கொடுத்தேன். நிச்சயதார்த்தத்தில் அந்தப் பெண் கையைத் தூக்காமலேயே நின்றிருப்பாள். உன்னிடம் சொன்னபோது என்ன சொன்னாய்? “அந்தப் பாடத்துக்குத்தாம்மா ஆள் அதிகம். எடுக்க வேணாம். கீழ கமெண்ட்ல ஒரு திருத்தம் போட்டுடலாம்.” துணியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு வெட்டுகிறவள் கீழே படிப்பாளா? அது இன்னும் அங்கேயே இருக்கிறது. இன்றைக்கும் எங்கேயோ ஒருத்தி பட்டை விரித்துக்கொண்டிருப்பாள்.

இத்தா முடிந்ததும் எல்லாம் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. மறுபடியும் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்தேன். முதல் வீடியோ போனதும் நீ போனில், “அம்மா, பழைய கிளிப்போட சேர்த்துப் போடும்போது கை மேட்ச் ஆகலை. எடுக்கிற நேரம் மட்டும் வளையல் போட்டுக்கோங்களேன்” என்றாய். நீ கெட்டவன் இல்லை, ரியாஸ். யோசிக்காமல்தான் சொன்னாய். உன் கண் திரையில் இருந்தது, அந்தக் கை யாருடையது என்பது உனக்கு மறந்துவிட்டது. போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே என் மேல் கோபம் வருகிறது. எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழற்றுவேன். மணிக்கட்டு சிவந்திருக்கும். காலனியில் யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு, என் சொந்த வீட்டில், திருடி மாதிரி.

போன மாதம் புது வரவேற்பு ஒன்று அனுப்பினாய். “சத்தத்தைச் சுத்தம் பண்ற புது சாஃப்ட்வேர்மா. ஃபேன் சத்தம், ரோட்டுச் சத்தம் எல்லாம் போயிடுச்சு. கடைசியில ஒரு டிஸ்டர்பன்ஸ் இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன்” என்றாய். போட்டுக் கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் பேசி முடித்தேன், பாட்டு வந்தது. நடுவில் யாரும் இல்லை. நல்லா இருக்குப்பா என்றேன், வேறு என்ன சொல்ல? நிக்காஹ் முடிந்ததும் பழைய வீடியோக்களை எல்லாம் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, இந்தப் புது வரவேற்போடு திரும்ப ஏற்றப்போவதாகவும் சொன்னாய். அதற்கப்புறம் புதுப் பாடங்களுக்கு ஹசீனாவின் குரலாம். முகமும் காட்டலாமாம், படித்த பெண், தயங்க மாட்டாளாம். எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டுவிட்டாய்! ஒருத்தி எழுந்திருக்க வேண்டும் என்றால் இன்னொருத்தி உட்கார வேண்டும்.

நேற்று அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் நிக்காஹ் ப்ளவுஸுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார்கள். அளவெடுக்கும்போது நீ சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்காகக் கேட்கத்தான் நினைத்தேன். டேப்பை அவள் தோளில் வைத்ததும் கேட்க வாய் வரவில்லை. அவளே கேட்டாள், “அந்த வீடியோ எல்லாம் எங்க எடுப்பீங்க மாமி?” அறையைக் காட்டினேன். கொக்கியைப் பார்த்தாள், ஸ்விட்ச் போர்டில் இருந்த பேப்பரைப் பார்த்தாள், மூலையில் மின்னும் சிவப்பைப் பார்த்தாள். “இதுக்கு ஒரு வாரம் லீவு விட முடியுமா மாமி?” என்றாள். விட்டதில்லை என்றேன். பழைய வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வரவேற்பு ஓடியது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். “மாமி, கடைசியில யாரோ இருமுறாங்களே. மாமாவா?”

முகம் தெரியாத மனுஷரின் இருமலை ஒரு தடவை கேட்டதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், ரியாஸ். மருமகளாக வரப்போகிறவள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், வளையல், வசந்தா, உன் ராயபுரத்து மாமி, பிளக் எல்லாவற்றையும். நீ அவளிடம் என்ன கேட்கச் சொன்னாய் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “எனக்குத் தையல் கத்துக்கணும்னு ஆசை மாமி. ஆனா அதைச் சொல்லிக்குடுத்துட்டே இருக்கணும்னு இல்லை. நான் அவர்கிட்ட நேரா பேசறேன்” என்றாள். அப்புறம், ‘நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்மா’ என்று நீ சொல்லியிருந்த அந்தப் பெட்டியில் பழைய வரவேற்பு எங்கே இருக்கிறது என்று தேடி, ஒரு சிடியில் போட்டு, மேலே பேனாவால் ‘மாமா’ என்று எழுதிக் கொடுத்தாள். எப்படி முறையாக அணைப்பது என்றும் காட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான்தான் அணைத்தேன். அது முனகிக்கொண்டே ஓய்ந்தது. இத்தனை வருஷமாக அந்த அறையில் ஒரு இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு முனையில் போய் ஜூஸ் குடித்தோம்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஹசீனாவிடம் நான் பேச மாட்டேன். அந்தக் கொக்கிக்குக் கீழே அவள் உட்கார்ந்தால் அது அவளாக ஆசைப்பட்டு உட்கார்ந்ததாக இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அன்றைக்கே எழுந்திருக்கவும் முடிய வேண்டும். என்னால் செய்ய முடிந்தது பெட்டியை அணைப்பது மட்டும்தான். ஏற்கெனவே வெளியே போனது போனதுதான், அதை அணைக்க எனக்கு ஸ்விட்ச் இல்லை. அங்கே நான் இன்னும் வளையல் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன், பட்டுக்கு அரை இஞ்ச் விடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்கிறது. என்னை அங்கேயிருந்து வெளியே விட உன்னால் மட்டும்தான் முடியும். முதலில் அந்தப் பட்டுப் பாடத்தை எடு, இன்றைக்கே எடு. துண்டு துண்டாக ஒட்டியதை எல்லாம் எடு. நான் முழுசாக உட்கார்ந்து சொன்ன பாடங்கள் மட்டும் இருந்தால் இருக்கட்டும், அதில் எனக்கு வெட்கம் இல்லை. மாப்பிள்ளையாக வரும்போது எனக்குப் புடவை எல்லாம் வாங்கிவராதே, இதைச் செய்துவிட்டு வா.

இறக்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. காதில் மாட்டுகிறதை மாட்டிக்கொண்டு, பழைய வரவேற்பை முதலிலிருந்து போடு. நான் பேசி முடித்ததும் உன் விரல் தானாக அடுத்ததற்குப் போகும், போகவிடாதே. கொஞ்சம் பொறு. அத்தா இருமுவார்.

அம்மா